அடைப்புக்குறி யார் பக்கம்?

- இறுதியாண்டு மாணவன், கணினிப் பொறியியல் பிரிவு



மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டியவுடன் காதல் கவிதை பத்தும், 'இன்றைய இளைஞனே எழுந்து வா' நாலும் மலர்க்குழுவின் மேஜைக்குப் போயிருக்கும். நான் எழுத வந்தது ஓர் அடைப்புக்குறியைப் பற்றி. சிரிக்காதீங்க. அந்த அடைப்புக்குறி நம்ம ஹாஸ்டல் பசங்க 41 பேருடைய பணத்தை ஒரு மாதம் சாப்பிட்டது. சாப்பிட வைத்தவர்கள் நானும் என் பார்ட்னரும்தான்.

விஷயம் இதுதான். மெஸ் பில்லில் லீவு போனவர்களுக்கு ரிடக்‌ஷன் போட வேண்டும். மாதாமாதம் மெஸ் செக்ரட்டரி ராத்திரி உட்கார்ந்து கையால் கழித்துக்கொண்டிருந்தார். "கம்ப்யூட்டர் பசங்கதானே, ஒரு புரோகிராம் போட்டுக் குடுங்களேன்டா" என்றார். மினி புராஜெக்டுக்கும் ஆச்சு, புண்ணியத்துக்கும் ஆச்சு என்று ஒப்புக்கொண்டோம். ரிஜிஸ்டர் ஏற்கனவே டைப் செய்த ஃபைலாக இருந்தது. ஒரு வரியில் ஒரு மாணவன். லீவு போயிருந்தால் வரியின் கடைசியில் விடுப்பு (3) என்று, அடைப்புக்குறிக்குள் நாள் கணக்கு.

பார்ட்னர் லேபில் லினக்ஸ் டெர்மினலைத் திறந்து கிரெப் கட்டளையில் இந்தப் பேட்டர்னைக் கொடுத்துப் பார்த்தான்:

விடுப்பு ([0-9]*)

41 வரி வந்தது. ரிஜிஸ்டரைப் பக்கம் பக்கமாக விரல் வைத்து எண்ணினோம். 41. அதே பேட்டர்னைத் தூக்கி எங்கள் சி பிளஸ் பிளஸ் புரோகிராமில் வைத்தோம். அடைப்புக்குறிக்குள் சிக்கும் துண்டைத் தனியாக எடுக்கலாம் என்று படித்திருந்தோம் இல்லையா, அதை எடுத்து எண்ணாக மாற்றி நாளாக வைத்துக்கொண்டோம். ரன் பண்ணினோம். எத்தனை வரி பொருந்தியது என்று பார்த்தால் அதே 41! டீ குடிக்கப் போய்விட்டோம்.

பில் ஒட்டினார்கள். ஒருத்தனுக்கும் ரிடக்‌ஷன் இல்லை. முக்கால்வாசிப் பேர் மூன்று நாள், நாலு நாள் லீவு, தொகை சின்னது, 'ரூல் மாத்திட்டாங்க போல' என்று கட்டிவிட்டார்கள். ஆனால் முதலாண்டுப் பையன் ஒருத்தன் அப்பாவுக்கு ஆபரேஷன் என்று 17 நாள் ஊரில் இருந்துவிட்டு வந்தவன். முறைப்படி லெட்டர் கொடுத்திருந்தான். அவனுக்கும் முழு பில். அவன் யாரிடமும் கேட்கவில்லை. மாமாவிடம் கடன் வாங்கிக் கட்டிவிட்டான். எட்டு நாள் கழித்து, சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது பேச்சுவாக்கில் என்னிடம் சொன்னான்: "அண்ணே, கம்ப்யூட்டர்ல போட்டதுன்னு சொன்னாங்க. அதான் சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ராத்திரி லேப்டாப்பைத் திறந்து பார்த்தால் எங்கள் புரோகிராமில் 41 பேருக்கும் விடுப்பு நாள் 0. எர்ரர் இல்லை, வார்னிங் இல்லை, கிராஷ் இல்லை. எப்படி?

கிரெப் சும்மா கொடுத்தால் பழைய 'பேசிக்' இலக்கணத்தில் படிக்கும். அதில் ( என்றால் வெறும் ( தான். ஃபைலில் இருக்கிற அடைப்புக்குறியோடு அது பொருந்தியது, 41 சரி. சி பிளஸ் பிளஸ் ரெஜெக்ஸ் நாம் எதுவும் சொல்லாவிட்டால் 'எக்மாஸ்கிரிப்ட்' இலக்கணத்தில், அதாவது ஜாவாஸ்கிரிப்ட் பாணியில் படிக்கும். அதில் ( என்றால் குழு ஆரம்பம், எழுத்து அல்ல. ஆகவே அது தேடியது 'விடுப்பு, ஓர் இடைவெளி, அதன்பின் சில இலக்கங்கள்'. இடைவெளிக்குப் பின் ஃபைலில் இருந்ததோ அடைப்புக்குறி. இலக்கம் இல்லை. பரவாயில்லை, நட்சத்திரக்குறி இருக்கிறதே! 'பூஜ்யம் தடவை வந்தாலும் சரி' என்பதுதானே அதன் அர்த்தம். பொருந்திவிட்டது. சிக்கிய துண்டு காலி. காலியை எண்ணாக மாற்றும் பழைய சி ஃபங்ஷன் 0 கொடுத்தது. இலக்கம் ஒன்றாவது இருந்தே ஆகவேண்டும் என்று எழுதியிருந்தால் ஒரு வரிகூடப் பொருந்தாமல் போய், அன்றைக்கே விழித்திருப்போம். 41-உம் 41-உம் ஒத்துப்போனதுதான் எங்களைக் கவிழ்த்தது.

சரியாக எழுதியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? பேசிக் இலக்கணத்தில்:

விடுப்பு (\([0-9]*\))

எக்மாஸ்கிரிப்ட் இலக்கணத்தில்:

விடுப்பு \(([0-9]*)\)

இரண்டையும் மேலும் கீழும் வைத்துப் பாருங்கள். கண்ணாடியில் பார்க்கிற மாதிரி. ஒன்றில் பேக்ஸ்லாஷ் போட்டால் விசேஷம், போடாவிட்டால் சாதா. இன்னொன்றில் போட்டால் சாதா, போடாவிட்டால் விசேஷம். எழுத்துகள் அதே, அர்த்தம் தலைகீழ். இது சட்டப்படி எழுதிய வாக்கியம் என்று இரண்டு பக்கமும் ஒப்புக்கொள்ளும். அதனால்தான் எர்ரர் வராது.

இந்தக் கூத்து எப்படி வந்தது என்று தேடிப் படித்தேன். ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்ற கருத்து ஸ்டீபன் கிளீன் என்ற கணித அறிஞருடையது. 1951-ல் எழுதினார், 1956-ல் அச்சில் வந்தது. அதை எடிட்டருக்குள் கொண்டுவந்தவர் யூனிக்ஸ் புகழ் கென் தாம்ப்ஸன். தேடும் முறையை 1968-ல் கட்டுரையாக வெளியிட்டார். அவருடைய 'எட்' எடிட்டரில் ஆரம்பத்தில் குழு கிடையாது. அடைப்புக்குறி சாதாரண எழுத்து. பின்னால் குழு சேர்த்தபோது \( என்று பேக்ஸ்லாஷ் போட்ட வடிவத்தைக் கொடுத்தார்கள், சாதா அடைப்புக்குறி எழுத்தாகவே இருந்துவிட்டது. எட்டின் வயிற்றில் பிறந்ததுதான் கிரெப். ஆல்ஃபிரெட் ஏஹோ எழுதிய ஈகிரெப் புதிய புரோகிராம். பழைய பாரம் இல்லை. அடைப்புக்குறியை நேரடியாகக் குழுவுக்கே வைத்துக்கொண்டது. 1987-ல் வந்த பெர்ல் இந்த இரண்டாவது பக்கம் போனது. ஜாவாஸ்கிரிப்ட் பெர்ல் பின்னால் போனது. 1992-ல் போஸிக்ஸ் தரம் எழுதியவர்கள் சண்டையைத் தீர்க்கவில்லை; 'பேசிக்' என்றும் 'எக்ஸ்டெண்டட்' என்றும் இரண்டுக்கும் பட்டா போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

நம் லேப் மேனுவலில் இதெல்லாம் இல்லை. 'மெட்டா கேரக்டர்கள்' என்று ஒரே ஓர் அட்டவணை. ஏதோ உலகம் முழுக்க ஒரே ரெகுலர் எக்ஸ்பிரஷன் இருப்பது போல. இரண்டு மார்க் கேள்விக்கு மனப்பாடம் பண்ணி ஒப்பித்துவிட்டு வந்தவர்கள் நாம்.

இப்போது என் வழக்குக்கு வருகிறேன். தவறு தெரிந்ததும் பார்ட்னர் சொன்னான்: "டேய், நமக்குப் பழக்கம் கிரெப்தான். புரோகிராம் ஆரம்பத்துலயே ஒரு வரியில 'எல்லாமே பேசிக்'னு செட் பண்ணிடலாம். அப்புறம் தலைவலியே இல்ல." கேட்க நன்றாகத்தான் இருந்தது. வகுப்பில் பாதிப் பேரும் அதையே சொல்வீர்கள். நான் அதை எதிர்க்கிறேன். இலக்கணத்தை மாற்றும் வசதி இருக்கட்டும். ஆனால் புரோகிராம் முழுமைக்கும் ஒரே சுவிட்சாக அது இருக்கவே கூடாது.

ஏன் என்றால், அப்படி வைத்துப் பார்த்த முன்னோர்கள் இருக்கிறார்கள். குனூ ரெஜெக்ஸ் நூலகத்தில் இலக்கணம் ஒரு குளோபல் வேரியபிளில் உட்கார்ந்திருக்கும்; அதை மாற்ற ஒரு ஃபங்ஷன் உண்டு. பைத்தானில் இன்றைய 'ரீ' மாட்யூலுக்கு முன்னால் 'ரெஜெக்ஸ்' என்று ஒரு பழைய மாட்யூல் இருந்தது. (இன்றைக்கு பிப்பில் இறக்கிக்கொள்ளும் அதே பெயருள்ள சரக்கு வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள்.) அதில் 'செட் சிண்டாக்ஸ்' என்றொரு ஃபங்ஷன். சும்மா விட்டால் ஈமேக்ஸ் எடிட்டர் பாணி, அதாவது \( தான் குழு. ஆக் பாணிக்கு மாற்றினால் ( குழு ஆகிவிடும். மாற்றிய நிமிடத்திலிருந்து கம்பைல் ஆகிற எல்லாப் பேட்டர்னுக்கும் புது இலக்கணம். அதற்கு முன் கம்பைல் ஆனவை பழைய இலக்கணத்திலேயே தங்கிவிடும்.

யோசித்துப் பாருங்கள். நான் ஒரு ஃபைல், பார்ட்னர் ஒரு ஃபைல். என் ஃபைல் முதலில் உள்ளே வந்தால் என் பேட்டர்ன் ஒரு மாதிரி. அவன் ஃபைல் முதலில் வந்து சுவிட்சைத் திருப்பிவிட்டால் என் பேட்டர்ன் வேறு மாதிரி. என் கோடில் ஓர் எழுத்துகூட மாறவில்லை! ஹாஸ்டல் காரிடாரில் ஒரே சுவிட்சில் பத்து ரூம் லைட்டையும் மாட்டி வைத்தால் என்ன ஆகும்? அரியர் எழுதுகிறவன் போடுவான், தூங்குகிறவன் அணைப்பான். அந்தக் கதைதான். அந்த ஃபங்ஷன் பழைய மதிப்பைத் திருப்பித் தரும். 'வேலை முடிந்ததும் பழையபடி வைத்துவிடு' என்பது ஏற்பாடு. வெளியே போகும்போது ஃபேனை அணைத்துவிட்டுப் போகிற பசங்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

2006-ல் பைத்தான் 2.5 வந்தபோது அந்த மாட்யூலே போய்விட்டது. பெர்ல் பாணி 'ரீ' வந்துவிட்டதால்தான் போனது, அது உண்மை. ஆனால் புதிய வீட்டில் அந்தச் சுவிட்சை யாரும் திரும்ப மாட்டவில்லை என்பதையும் கவனியுங்கள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸிலும் 'ரெஜெக்ஸ் ஃபிளேவர்' என்று சர்வர் அளவில் ஒரு செட்டிங் இருந்தது: அட்வான்ஸ்ட், எக்ஸ்டெண்டட், பேசிக் என்று மூன்று. 2010-ல் வந்த 9.0 பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். எடுத்த பிறகும் பழைய இலக்கணத்தில் எழுத வழி இருக்கிறது. பேட்டர்னின் தலையிலேயே, அடைப்புக்குறிக்குள் கேள்விக்குறியும் ஒரு சின்ன 'பி' எழுத்தும் போட்டால் மீதி எல்லாம் பேசிக். 'இ' போட்டால் எக்ஸ்டெண்டட். டிசிஎல் மொழியிலிருந்து வந்த வழக்கம் இது. முன்னால் ***= என்று போட்டால் மிச்சம் அத்தனையும் வெறும் எழுத்து, விசேஷமே கிடையாது. எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்திருக்கிறது. மருந்து பாட்டிலில் லேபிள் ஒட்டின மாதிரி, பேட்டர்ன் எங்கே போனாலும் அதன் இலக்கணமும் கூடவே போகும்.

விம் எடிட்டர் பழகியவர்களுக்கு 'மேஜிக்' என்ற செட்டிங் தெரிந்திருக்கும். அதை அணைக்கலாம். ஆனால் அதன் ஹெல்ப் பக்கமே எச்சரிக்கிறது: அணைத்தால் பிளகின்கள் கெட்டுப்போக வாய்ப்பு அதிகம், வேண்டுமானால் அந்தப் பேட்டர்னுக்குள் மட்டும் குறி போட்டுக்கொள் என்று. செட்டிங்கையும் கொடுத்துவிட்டு 'தொடாதே' என்றும் சொல்கிறார்கள்!

சி பிளஸ் பிளஸ்ஸை நான் திட்டவில்லை. 2011 தரத்தில் ரெஜெக்ஸ் சேர்த்தபோது இந்த ஒரு விஷயத்தை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறார்கள். எக்மாஸ்கிரிப்ட், பேசிக், எக்ஸ்டெண்டட், ஆக், கிரெப், ஈகிரெப் என்று ஆறு இலக்கணம். எது வேண்டும் என்பதை ஒவ்வொரு ரெஜெக்ஸ் ஆப்ஜெக்டையும் உருவாக்கும்போதே இரண்டாவது ஆர்க்யுமெண்டாகச் சொல்ல வேண்டும். அந்த ஆப்ஜெக்டோடு அது முடிந்தது. பக்கத்து வீட்டுக்குப் போகாது. ஆறில் ஒன்றுதான் கொடுக்கலாம், இரண்டைக் கலக்கக்கூடாது. பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காதே என்ற ஃபிளாகை மட்டும் கொடுத்துவிட்டு இலக்கணத்தைச் சொல்லாமல் விட்டால் எக்மாஸ்கிரிப்ட்தான். கிரெப் என்ற பெயர் போட்டது பேசிக்கேதான். கூடுதலாக, பேட்டர்னில் புதுவரி வந்தால் அதை 'அல்லது' என்று எடுத்துக்கொள்ளும். ஈகிரெப் அதே மாதிரி எக்ஸ்டெண்டடுக்கு. இந்த நூலகம் மெதுவானது என்று பலர் குறை சொல்கிறார்கள். அது தனிக் கச்சேரி.

"அப்படியானால் எதற்கு ஆறு? ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கி எறியலாமே?" என்று ஜூனியர் ஒருத்தன் கேட்டான். நல்ல கேள்வி. பேக்ஸ்லாஷ் வித்தியாசம் மட்டும் என்றால் நானும் எறியச் சொல்வேன். ஒரு சின்னப் புரோகிராம் போட்டு மாற்றிவிடலாம். ஆனால் வித்தியாசம் எழுத்தோடு நிற்கவில்லை. பஸ் நம்பரை வைத்துச் சொல்கிறேன். பேட்டர்ன் இது:

12|12பி

தேட வேண்டிய வரியில் இருப்பது 12பி. எக்மாஸ்கிரிப்ட் இடமிருந்து பார்த்துக்கொண்டு வந்து முதலில் கிடைத்ததை எடுக்கும்: 12. போஸிக்ஸ் குடும்பம் அதே இடத்தில் ஆரம்பிப்பவற்றில் நீளமானதை எடுக்கும்: 12பி. இங்கே பேக்ஸ்லாஷும் இல்லை, அடைப்புக்குறியும் இல்லை. பேட்டர்ன் எழுத்துக்கு எழுத்து ஒன்று. ஆனால் ஒருத்தன் ஒரு பஸ்ஸில் ஏறுவான், இன்னொருத்தன் வேறு பஸ்ஸில். பல வருஷமாக ஈகிரெப்புக்கு என்று எழுதி வைத்த பேட்டர்ன் ஃபைல்களை ஒரு புரோகிராமுக்குள் கொண்டுவர வேண்டுமானால், அந்த நடத்தையும் கூடவே வந்தாக வேண்டும். யூஸரே பேட்டர்ன் டைப் செய்கிற புரோகிராமிலும், அவருக்கு எது பழக்கமோ அதைக் கொடுக்க வேண்டியிருக்கும். அதற்குத்தான் மாற்று இலக்கணம். நமக்கு ஞாபகம் இருக்கிற அட்டவணை கிரெப் அட்டவணை என்பதற்காக அல்ல.

இந்த இடத்தில் பார்ட்னர் ஒரு பாயிண்ட் பிடித்தான், அதையும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். "ஒவ்வொரு பேட்டர்னுக்கும் லேபிள் ஒட்டச் சொல்ற. அம்பது பேட்டர்ன் இருந்தா அம்பது தடவை எழுதணுமா? ஒண்ணுல மறந்தா அதுவும் தப்புதானே?" உண்மைதான். மறந்தால் தப்புதான். ஆனால் அந்தத் தப்பு அந்த ஒரு வரியில் கிடக்கும், தேடினால் கிடைக்கும். குளோபல் சுவிட்சில் தப்பு நடக்கிற இடம் ஒன்று, பில் ஏறுகிற இடம் வேறொன்று. ஐம்பது தடவை எழுத அலுப்பாக இருந்தால், பேட்டர்னை வாங்கி பேசிக் ஆப்ஜெக்டாகத் திருப்பித் தருகிற ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதி, அதன் பெயரிலேயே 'பேசிக்' என்று வையுங்கள். கூப்பிடுகிற ஒவ்வொரு இடத்திலும் பெயர் கண்ணில் படும். பெர்ல்காரர்கள் நடுவழி ஒன்று வைத்திருக்கிறார்கள்: 5.10 பதிப்பிலிருந்து, அதாவது 2007-லிருந்து, ரெஜெக்ஸ் என்ஜினையே வேறு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அது அந்த பிளாக்கின் நெளி அடைப்புக்குறிக்குள் மட்டும் செல்லும். உள்ளே ஐம்பது பேட்டர்னுக்கும் ஒரே வரி போதும், வெளியே ஒழுகாது. பார்ட்னர் இதற்கு மட்டும் தலையாட்டினான்.

டெர்மினலிலும் இதே பழக்கத்தைப் பிடியுங்கள். கிரெப்புக்கு மைனஸ் போட்டுப் பெரிய 'இ' கொடுத்தால் எக்ஸ்டெண்டட், பெரிய 'எஃப்' கொடுத்தால் வெறும் எழுத்து. ஈகிரெப், எஃப்கிரெப் என்ற தனிப் பெயர்கள் இனி வேண்டாம் என்று 2022-ல் வந்த குனூ கிரெப் 3.8 வார்னிங்கே கொடுக்கிறது. லேபில் நம் சீனியர்கள் சொல்லிக்கொடுத்தது இன்னும் ஈகிரெப்தான். பரவாயில்லை, மாற்றிக்கொள்வோம்.

சரி, பணம்? மறுநாள் காலையில் இரண்டு பேரும் மெஸ் செக்ரட்டரி ரூமுக்குப் போய் நடந்ததைச் சொன்னோம். "நான் கையாலேயே போட்டிருப்பேனேடா" என்று ஒரு வார்த்தைதான் சொன்னார். அதற்கு மேல் திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். 41 பேர் கணக்கையும் கையால் மறுபடி போட்டு, அடுத்த மாத பில்லில் கழித்தோம். முதலாண்டுப் பையனுக்கு மட்டும் அடுத்த மாதம் வரை காத்திருக்க வைக்காமல், செக்ரட்டரி கையிருப்பிலிருந்து அன்றைக்கே கொடுத்தார். அவன் அதை மாமாவுக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னான்.

புரோகிராமில் அந்த வரியில் இப்போது எக்மாஸ்கிரிப்ட் என்று வாய்விட்டு எழுதியிருக்கிறோம், அது தானாகவே வரும் என்றாலும். நட்சத்திரக்குறி போய்க் கூட்டல்குறி வந்திருக்கிறது:

விடுப்பு \(([0-9]+)\)

பேட்டர்னுக்குக் கீழே மூன்று வரி சோதனை: விடுப்பு (3) கொடுத்தால் 3 வர வேண்டும், விடுப்பு (17) கொடுத்தால் 17 வர வேண்டும், விடுப்பு () கொடுத்தால் பொருந்தவே கூடாது. பொருந்தினால் பில்லே அச்சாகாது. எத்தனை வரி பொருந்தியது என்பதை மட்டும் பார்க்கிற புத்தி எங்களுக்குப் போய்விட்டது.

போன வாரம் சாப்பாட்டு வரிசையில் அந்தப் பையன் எனக்கு முன்னால் நின்றான். தட்டைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு கேட்கிறான்: "அண்ணே, இந்த மாசம் பேக்ஸ்லாஷ் எந்தப் பக்கம்ணே?"